கொடும்பாவி என்று நினைத்தோம்

எழுமலை
1986, வைகாசி 20

சென்னையில் இருக்கும் மகன் நல்லகாமனுக்கு அப்பன் சோணைமுத்து சொல்லச் சொல்ல சொக்கநாதன் வாத்தியார் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகன்றும் சுகமாக இருக்கிறோம், உன் உடம்புக்கும் ஒன்றும் வராமல் காளியம்மா காக்கட்டும். விளாங்குடியில் உன் தங்கச்சி மாயக்காளுக்கு ஆண் பிள்ளை, உன் அம்மா பத்து நாள் அங்கே இருந்து மருந்து இடித்துக் கொடுத்துவிட்டு நேற்றுத்தான் வந்தாள். வாத்தியார் என் பேச்சை நறுக்கப் பார்க்கிறார், ஒரு சொல் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உலகம் அழிந்த பிறகு நடக்கிற சண்டைக் கதையைப் படம் எடுக்கப்போவதாகவும் அதில் வரும் பெண்ணுக்கு ஒச்சாயி என்று அம்மா பேரையே வைத்திருப்பதாகவும் எழுதி, இதுபோலத்தான் இருக்கும் என்று ஒரு இங்கிலீஷ் கேசட்டும் அனுப்பியிருந்தாய். உன் அம்மா விளாங்குடியில் இருந்தபோது இங்கே சின்னச்சாமி பேரனுக்குக் காதுகுத்து, வீடியோ டெக் வாடகைக்கு வந்திருந்தது, மத்தியானச் சாப்பாடு முடிந்து போட்டுப் பார்த்தோம். ஊர் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொம்பளையைக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் புழுதியில் இழுத்துப் போகிறார்கள். தங்கப்பொண்ணு, "பாருங்கடி, வெள்ளக்காரனும் மழைக்குக் கொடும்பாவி கட்டி இழுக்கான்" என்று மாரில் அடித்து ஒப்பாரி எடுத்தாள், நாலு பேர் கூடவே பாடினார்கள். அப்போது அந்தக் கொடும்பாவி வாயைத் திறந்து கத்தியது. பாட்டு அப்படியே நின்றுபோனது. வைக்கோல் பொம்மையை இழுப்பதற்கே நாம் ஒப்பாரி வைக்கிறோம், அங்கே உயிரோடு இழுத்ததற்கு ஒரு சனம் அழவில்லை. தங்கப்பொண்ணு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

உலகமே அழிந்ததாம், உதட்டுச் சாயம் மட்டும் அழியவில்லை. ஆம்பளைக்குக் கழுத்து முதல் கால் வரை தோல் சட்டை, பொம்பளைக்கு மட்டும் துணிப் பஞ்சம். எல்லாரும் பெட்ரோலுக்கு அடித்துக்கொள்கிறார்கள், சோறு யார் பொங்கியது என்று ஒருத்தன் கேட்கவில்லை. ஒருத்தி துப்பாக்கியோடு வந்தாள், சரி இவளாவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமே, அதற்காகக் கால் மணி நேரத்தில் அவளையும் கொன்றுவிட்டார்கள். இதை எடுக்க இம்புட்டுப் படிப்பா?

உலகம் அழிந்ததை நான் பார்த்திருக்கிறேனடா. நீ வயிற்றில் இருந்தபோது மூன்று வருஷமாக மழை இல்லை. உன் அம்மா ஓடை மணலில் ஆளுயரம் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி, ஒரு குடம் நிறைய அரைநாள் காத்திருப்பாள். ஒருத்தன் வந்து அது தன் ஊற்று என்று மணலைத் தள்ளினான். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் உட்காரவைத்து, "குடிக்க வாய் இருக்குல்ல, தோண்டக் கை இல்லையாக்கும்?" என்று கேட்டுத் தோண்டவே வைத்தாள். அவன் வேறு யாருமில்லை, இந்தச் சின்னச்சாமிதான். இன்றைக்கும் அவளைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்குவான். பிடித்து இழுத்தவள் பேரை இழுபடுகிறவளுக்கு வைக்கிறாயே.

நாங்கள் படம் பார்த்தது அவளுக்குத் தெரியாது. தன் பேர் சினிமாவில் வரப்போகிறதென்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது, படப் பூஜைக்கு வாரேன் என்று சேலையும் எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்று கதையை மாற்று, இல்லை பேரை மாற்று. இரண்டும் மாட்டேன் என்றால் நீயே ஊருக்கு வந்து அவளிடம் சொல், நான் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மாயக்காள் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஆடிக்கு முன்னால் வந்து போ. நீ நல்லா இருக்கணும், உன் கை நல்லதைச் செய்யணும். காலையில் உன் அம்மா கேட்டாள், "ஏங்க, படத்துல ஒச்சாயிக்கு என்ன சோலி?" என்று. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். அதற்கு நீ பதில் எழுது.

இப்படிக்கு உன் அப்பன்
சோணைமுத்து, கைநாட்டு