வத்தலோடு காய்ந்த கார் கம்ப்யூட்டர்

செவ்வாய், இரவு

நாளை காலை மகளையும் புதிதாகப் பிறந்த பேத்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து என் காரில்தான் அழைத்து வருவேன். முந்தாநாள் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒழுகி, ஒயர் வழியாக இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இறங்கி, வண்டி படுத்துவிட்டது. ஒழுகிய இடத்தை முதலில் சரிசெய்தேன். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, கிளீனர் விட்டு பிரஷால் தேய்த்து, மொட்டை மாடியில் மனைவி வத்தல் காயவைத்த துணியின் ஓரத்தில் வைத்தேன்.

"ஏங்க, இதையும் பொரிக்கணுமா?" என்றாள்.

இன்று அதைத் திரும்ப மாட்டியதும் முதல் சாவியிலேயே வண்டி கிளம்பியது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பார்த்துவிட்டேன் என்று தெருவுக்கே ஹாரன் அடித்தேன்.

சாயங்காலம் பெருங்களத்தூர் ஆட்டோக்காரரிடம், "அண்ணா, எதுக்கும் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"உங்க வீட்டு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க சார்!"

இருக்கட்டும். வாசலில் என் வண்டிதான் முதலில் நிற்கும்.