வியர்த்த ரோல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. அங்கே நீங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் மகளும், உங்கள் மகள் அந்த வாலும் சுகம். வாலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சனிக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. "அப்பா வர்றதுக்குள்ள புதுப்பல் முளைச்சிடுமா பாட்டி?" என்று கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவீர்கள். காகிதம் என்றால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

எனக்கு எதுவும் மறக்காது என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் சமைத்ததை வாயில் வைக்கும் முன்பே உப்பு கேட்டீர்கள். வீடு மாறியபோது என் தையல் மிஷினைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டு "அதுதான் ஓடாதே அத்தை" என்றீர்கள். ஓடும். இவற்றையெல்லாம் நான் மன்னித்ததாக நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை.

நீங்கள் போன இந்தப் பதினொரு வாரமாக நம் தொழிற்சாலையில் பழையபடிதான் நடக்கிறது. இயந்திரம் பசை தோய்த்த கார்பன் நாடாவை வரிசை வரிசையாகப் போடுகிறது, அடுப்பில் வெந்து தகடாகப் போகிற துண்டுகளை வெட்டுகிறது, ஓரத்தில் மிஞ்சியது தொட்டிக்குப் போகிறது. நூறு கிலோ போட்டால் முப்பது கிலோ குப்பை. புதைத்தாலும் மக்காத சாமான். ஷிஃப்டுக்கு மூன்று தொட்டி நிரம்புகிறது. தள்ளிக்கொண்டு போகும்போது பார்க்கிறேன், கையகலம், முழ நீளம் துண்டெல்லாம் கிடக்கிறது. சட்டை வெட்டுகிற தையல்காரர் கைப்பாகத்தை உடல்பாகத்தின் இடுக்கில் அடக்குவாரே, அப்படித்தான் பெரிய பாகங்களைத் திருப்பிப் போட்டு, நடுவே சின்னப் பாகங்களை அடக்கிப் புரோகிராம் எழுதினீர்கள். ஒரு தொட்டிகூட நிரம்பாது என்றீர்கள். படித்தவர்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. எனக்கு முதல் நாளே புரிந்தது. உங்களிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.

வெள்ளோட்டம் நடந்த அன்று அடுப்பிலிருந்து வந்த தகடு முழுக்கக் கொப்புளம். துண்டுகளை நெருக்கி அடுக்கியதால்தான் ஒட்டவில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். அந்த நாடாவின் மிச்ச ரோலும் தொட்டிக்குப் போனது. குப்பையைக் குறைக்க வந்தவர் ஒரே நாளில் ஒரு மாதக் குப்பை போட்டார் என்று கேன்டீனில் சிரித்தார்கள். உங்களைத் தூரத்துக் கிளைக்குத் தள்ளினார்கள்.

அது உங்கள் புரோகிராம் இல்லை மாப்பிள்ளை. நான்.

அதற்கு முந்தின நாள் மதியம், புதிதாக வந்த இன்ஜினியர்கள் நடுவில் நின்றுகொண்டு, "ரோலைக் குளிர் ரூம்லேர்ந்து நாலு மணிக்கு எடுத்து வைக்கணும், அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றீர்கள். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். அத்தை என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அந்தம்மாவாம்! எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அந்தம்மா எடுத்து வைக்கட்டும் என்று ரோலைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் பயம் வந்தது. ஆறு மணிக்கு ஓடிப்போய்க் குளிர் அறையிலிருந்து ரோலை எடுத்தேன். கல்லாக இருந்தது. வெளியே எடுத்த ரோல் இரவு முழுக்கப் பைக்குள்ளேயே இருந்து, பைமேல் வியர்வை வற்றிய பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் உள்ள ஈரம் நாடாவில் ஏறி, அடுப்பில் கொப்புளமாகும். பதினேழு வருஷமாக அந்த வேலைதான் செய்கிறேன், எனக்குத் தெரியாதா? எட்டு மணிக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். பையை வெட்டினேன். வியர்த்த ரோலை என் ஏப்ரனால் துடைத்தேன். அட்டையில் நேற்று நான்கு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் வைத்து மெதுவாகத்தான் கேட்டீர்கள், "ரோலை எப்ப எடுத்தீங்க அத்தை?" என்று. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் மகள் என் பக்கம் நின்றாள். "உங்க தப்பை எங்கம்மா தலையில கட்டாதீங்க" என்றாள். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். காலில் ஒரு சாக்ஸ் நீலம், ஒன்று கறுப்பு. அதுவும் மறக்கவில்லை.

நேற்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?" என்றார். "ரோஷம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. குளிர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார். சரிதான். உங்கள் புரோகிராமை இன்னும் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். வருகிற இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை. அதை ஓட்ட நீங்கள்தான் வேண்டுமாம். நாளை உங்களுக்குச் சொல்லியனுப்புவார்.

மகளிடமும் இன்று காலையில் சொன்னேன். எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் மூன்று வீட்டுக்குக் கேட்டது. பிறகு அலமாரியில் உங்கள் சட்டைகளை எல்லாம் எடுத்துத் திரும்ப மடித்து வைத்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சட்டைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ரோலை வெளியே எடுத்து வைக்கச் இப்போது சாவி வைத்திருக்கிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். பையை யாரும் தொட மாட்டார்கள். நீங்களே வந்து, கையால் தடவி, ஈரமில்லை என்று பார்த்துத் திறங்கள். மூன்று தொட்டியையும் கழுவிக் காலியாக நிறுத்தி வைக்கிறேன். இரண்டு தொட்டி காலியாகவே திரும்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. எனக்கே அது வராது, உங்களிடம் எப்படிக் கேட்பேன்? என்மேல் கோபத்தை வைத்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் அதற்கு இடமிருக்கிறது. உப்பையும் முன்னாலேயே எடுத்து வைக்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்தம்மா