தலைக்கு மேலே ஒரு வாசற்படி

மச்சாள்,

நேற்று மத்தியானம் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கிய என் மகன், உத்தரத்தில் ‘டங்’ என்று தலையை இடித்துக்கொண்டு டெனிஷில் ஏதோ கத்தினான். மேலே கதிரையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடி அவனுக்கு, ஞாபகம் வந்தது உங்களுடையது. அந்த உத்தரம் அவ்வளவு தாழ இறங்கியதே அவன் மாமியான உங்களால்தானே.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது, சில்க்போர்க்கில் இந்தப் பழைய வீட்டை நாங்கள் வாங்கி அதிக காலம் ஆகவில்லை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் உங்கள் கால்கள் வழங்காமல் போய்விட்டன. பள்ளிக்கூடம், கோயில், கலியாணவீடு, கடைசியில் விமானம் என்று எங்கே போனாலும் யாரோ தூக்கித்தான் போனீர்கள். டென்மார்க்கில்தான் முதன்முதலாக உங்களுக்கென்று சக்கரம் வைத்த ஒரு சில்லுக்கதிரை கிடைத்தது. அகதி முகாமின் நீண்ட நடைகூடத்தில் நீங்கள் அதை விட்ட வேகத்தைப் பார்த்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“எங்களோடை வந்து இருங்கோ அக்கா” என்று உங்கள் தம்பியான இவர் கூப்பிட்டார்.

“வாசலிலை எத்தினை படி?”

“ரெண்டுதான். நான் தூக்கிவிடுறன்.”

“அப்ப நான் வரேல்லை.”

பக்கத்து வீட்டு டெனிஷ் தச்சர், சமையலறைப் பக்கமாகச் சரிவுப் பலகை போடலாம் என்றார். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. “பின்பக்கத்தாலை பூர நான் என்ன களவெடுக்கவே வாறன்?”

முன்னறைத் தரை எப்படியும் உக்கிப்போய் இருந்தது. இவரும் தச்சருமாக அதைப் பிரித்தார்கள். அந்தத் தரையைத் தாங்கிய பழைய உத்தரங்கள் கீழே நிலவறைச் சுவரின் தலையில் குந்தியிருந்தன. புதியவற்றைச் சுவரின் உட்பக்கமாக இரும்புத் தாங்கிகளில் தொங்கவிட்டார்கள். அதோடு தரையும் வாசலும் ஒரு படி உயரம் இறங்கின. மற்றப் படிக்கு, வெளியே மண்ணை மெல்லிய சரிவாக உயர்த்தினார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வடிய, கதவடியில் ஓர் இரும்புக் கம்பித்தட்டு. நிலவறைக்குத்தான் உயரம் குறைந்துபோனது. இவர் அதைச் சொல்லிக் குறைப்பட்டபோது, “கொஞ்சம் குனிஞ்சு போ. நான் ஆயுள் முழுக்க எல்லாரையும் நிமிந்துதானே பாத்தனான்” என்றீர்கள்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் இவருக்கு மனம் கேட்கவில்லை. நிலைப்படி இல்லாத வீட்டில் லட்சுமி தங்குவாளா? நாலு விரல் உயரப் பலகை ஒன்றைக் கதவடியில் அறைந்து, மஞ்சள் பூசி, குங்குமமும் வைத்துவிட்டார். வாரக்கணக்காக மாரடித்து இறக்கிய தரைக்குப் பக்தியோடு ஒரு படி! நிறைகுடம் வைக்கிற அவசரத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

நீங்கள் சரிவில் ஏறி வந்தீர்கள். முன்சில்லு பலகையில் முட்டி நின்றது. வந்திருந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் முகம் கறுத்துப்போய், “ஐயோ அக்கா” என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“தொடாதை. சுத்தியலைக் கொண்டா.”

நல்ல நாளில் நிலைப்படியைப் பெயர்க்கலாமோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். “லட்சுமி சில்லுக்கதிரையிலை வந்தால் அவளையும் தூக்குவியளோ?” என்று கேட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடியே குனிந்து ஆணிகளைக் கிளப்பினீர்கள். பலகையைத் தம்பியிடம் நீட்டினீர்கள். “மஞ்சள் பூசினதை எறியக்கூடாது. மேலை அடி, தோரணத்துக்குப் பக்கத்திலை.”

பிறகு உருண்டு உள்ளே வந்தீர்கள். ஒருவருடைய கையும் படாமல் நீங்கள் நுழைந்த முதல் வீடு இது. பால் பொங்கியபோது நான் அழுதேன். எனக்கு உங்களில் அவ்வளவு பெருமை.

அந்த வாசலால் நீங்கள் டெனிஷ் வகுப்புக்குப் போனீர்கள், கடைக்குப் போனீர்கள். ஒருமுறை என்னோடு கோபித்துக்கொண்டும் போனீர்கள். திரும்பி வந்து, “கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட ஏலுமெண்டால்தான் பிள்ளை அது சொந்த வீடு” என்று சிரித்தீர்கள். தூக்கிக்கொண்டு போகப்படுகிறவர் யாரோடு கோபிக்க முடியும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

கடைசியில் மட்டும் நாலு பேர் உங்களைத் தூக்கினார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன கிழமை இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்தேன். நடக்கத் துணையாகத் தந்த தள்ளுவண்டியைப் பிடித்து மெல்ல மெல்ல வாசலடிக்கு வந்ததும், மகன் என்னைத் தூக்கக் குனிந்தான்.

“தொடாதை” என்றேன்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வாசலுக்கு மேலே இருந்த அந்தப் பழைய பலகையைப் பார்த்தான். பிறகு, எப்போதும் டெனிஷில் பதில் சொல்கிறவன், தமிழில் சொன்னான்: “மாமி வந்திட்டா.”

விலகி வழி விட்டான். நான் என்பாட்டில் உள்ளே வந்தேன், மச்சாள்.