மேப்பில் கேட்டு திறந்தே இருந்தது

இன்று காலை மேசை இழுப்பறையில் சார்ஜர் தேடியபோது உன் சோதனை போன் கையில் அகப்பட்டது. மூலையில் விரிசல் விட்ட அதே போன். சார்ஜ் போட்டதும் நம் விளையாட்டின் சேலம் மேப் திறந்துகொண்டது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

சேலத்துக்குள் நடந்தே ஆட வேண்டிய விளையாட்டு அது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைவாசல், ஆற்றுப் பாலம், நாலு ரோடு என்று குறித்த இடத்தில் போய் நின்றால்தான் போனில் அடுத்த துப்பு திறக்கும். நீ ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து வெயிலில் ஒவ்வொரு இடமாக நடந்து பார்ப்பாய். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நிரல் எழுதுவேன். ஏ.சி. வாங்கித் தராத கம்பெனி என்று நீ என்னைக் கிண்டல் செய்வாய். அந்தக் கம்பெனியே நாம் இருவர்தான்.

நம் சண்டையெல்லாம் ஒரு ரயில்வே கேட்டினால் வந்தது. இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் தட்டுவடை செட் கடை. டீக்கடையில் துப்பு திறந்ததும் நான்கு நிமிடத்தில் கேட்டைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகாவிட்டால், அதுவரை சேர்த்த துப்பெல்லாம் அழிந்துவிடும். நான் யோசித்து வைத்த டைமர் அது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

"மேப்புல கேட்டு எப்பவும் தொறந்தேதான் கெடக்கும் புள்ள. நெசத்துல மூடுனா நம்மூர்க்காரங்க நிப்பாங்களா? குனிஞ்சு பூந்து போயிருவாங்க. அந்த டைமரை எடுத்துரு" என்றாய்.

எடுத்தால் பின்னால் வரும் நான்கு இடங்களையும் மாற்றி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த சோதனை ஆட்டம் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து போன் செய்து, "எடுத்துட்டியா?" என்று கேட்டாய். எடுத்துவிட்டேன் என்றேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டு மூடியா கிடக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று ஆட வந்தவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு தெரு தள்ளி அறையில் இருந்த என் லேப்டாப்பில் அவர்கள் பன்னிரண்டு புள்ளிகள்; உன் சோதனை போன் பதின்மூன்றாவது. நீ கேட்டருகே நின்று போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாய்.

"கேட்டுப் போட்டுட்டாங்க புள்ள" என்றாய் சாவகாசமாக. பின்னால் மணி அடிப்பது கேட்டது.

ஏழாம் எண் ஆட்டக்காரி டீக்கடையிலிருந்து கிளம்பிவிட்டாள். வாழப்பாடியிலிருந்து வந்த நர்ஸ் பெண். அவளுக்கு மிச்சம் ஒரு நிமிடம் பத்து விநாடி. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பொய் வெளிப்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எத்தனை விநாடி என்று தெரியவில்லை. ஒரு ஆளின் உயிரைவிட என் மானம் பெரிதாகப்பட்ட விநாடிகள் அவை. அவளுடைய புள்ளி தண்டவாளத்தை நெருங்கியதும்தான் கத்தினேன்:

"ஏழாம் நம்பரைப் புடி! டைமர் ஓடுது!"

இணைப்பு அறுந்தது. உன் புள்ளி அவள் புள்ளியிடம் போனது. இரண்டும் தண்டவாளத்தின் மேலேயே நின்றன. ஜன்னல் வழியாக ரயில் ஊதுவது கேட்டது. புள்ளிகள் நகரவில்லை. மேப் இருபது அடி தள்ளிக் காட்டும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உன்னைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ரயில் கடந்து முடிகிறவரை நாற்காலியை விட்டு எழவும் முடியவில்லை.

பிறகு நீ கூப்பிட்டாய். மூச்சு வாங்கியது. "புடிச்சுட்டேன். பையோட சேத்து இழுத்துப்போட்டேன். என் செருப்பு ஒண்ணு உள்ள போயிருச்சு."

பக்கத்திலேயே அந்தப் பெண் அழுதுகொண்டு, "டைம் முடியப் போவுதுன்னு காட்டுச்சுக்கா, அதான்..." என்றது எனக்கும் கேட்டது.

ஒற்றைச் செருப்போடு அறைக்கு வந்தாய். அங்கே வந்து கூடிய ஆட்டக்காரர்களிடம், "கோளாறு ஆயிருச்சுங்க, இன்னைக்கு இவ்வளவுதானுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தாய். யார் செய்த கோளாறு என்று சொல்லவில்லை. எல்லோரும் போனபின் என்னைப் பார்த்துக் கேட்டாய்: "இப்ப எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்." இந்த முறை நிஜமாகவே எடுத்திருந்தேன்.

"செரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று கிளம்பினாய். நீ திட்டாததைப் பார்த்து, தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கலாம், விளையாட்டு வெளிவந்தபின் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது.

இப்போது நாமக்கல்லுக்கு அதே விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒவ்வொரு இடத்திலும் நானே போய் நின்று பார்க்கிறேன். கறுத்துப்போய்விட்டாய் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அன்று நீ என் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பொய் சொன்னவள் என்று தெரிந்த பிறகும், நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, பார்க்காமலே படியிறங்கிப் போனாய். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.