தம்பியின் லாரி எண்

ஐப்பசி 4, செவ்வாய்.

இன்று தம்பி வந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், அவன் புது வீட்டு விசேஷத்தில், "எங்கண்ணன் எம்ஃபில் கணக்குப் படிச்சுப்போட்டு ஊட்டுல கோழிக்குத் தீனி போடறாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். அன்றோடு பேச்சு நின்றது. நான் அதை மறக்கவில்லை.

போன வருஷம் லாரி கவிழ்ந்து அவனுக்குக் கால் முறிந்தது. இப்போது வாங்கிய புது லாரிக்கு 7919 என்று எண் விழுந்திருக்கிறது.

"கூட்டினா எட்டு வருதுங்கண்ணா. சனியோட நம்பராமா. எனக்கு வண்டியத் தொடவே பயமா இருக்குதுங்க."

மடத்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முறிந்த காலைத் தடவிக்கொண்டிருந்தான். காகிதத்தை எடுத்தேன். 89-ஐ 89-ஆல் பெருக்கினால் 7921, அவன் எண்ணைத் தாண்டிவிடும். அதனால் 83 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இருபத்துமூன்று எண்கள். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது பகா எண்டா. பகா எண்களின் வரிசையில் ஆயிரமாவது. ஒன்றையும் இதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது."

"எட்டாலயுமுங்களா?"

"எட்டாலும் முடியாது, சாமி. ஏழு மீதி நிற்கும்."

அவன் முகம் தெளிந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவனிடம் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ரோட்டைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

விடியற்காலை நாக்பூருக்குக் கிளம்புகிறான். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் நிறுத்தி எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.