வாசல் பக்கத்துக் குளிர்

நாரின், அக்டோபர் 12

மெரிமின் தகப்பனார் தெமிர்குல் அவர்களுக்கு, உங்கள் மனைவி ஜிபெக் எழுதுவது. இங்கே நான், மெரிம், உங்கள் அம்மா மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். மாஸ்கோவில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் அப்படிப் பாதியில் நிற்காது. அதனால் பஸ்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பழைய பலகைத் தரை உளுத்துவிட்டது, பெயர்த்துவிட்டோம் என்று ஆகஸ்டிலேயே சொன்னேன். இப்போது கீழே நிலவறை, அதன்மேல் வெறும் கான்கிரீட், அதன்மேல் நாங்கள். காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. மெரிமுக்கு இருமல் விடவில்லை. எனக்குச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதாம். "தரையில உக்காராதீங்க" என்கிறார் டாக்டரம்மா. ஒற்றை அறை வீட்டில் வேறெங்கே உட்காருவது?

தரையை உயர்த்தலாமென்றால் கூரை இரண்டரை மீட்டர்கூட இல்லை. வாசல் இரும்புக் கதவு உள்ளே திறக்கிறது. அதன் அடியில் இரண்டு விரல் இடம்தான். நீங்கள் ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போடுகிறவர். நம் வீட்டுக்கும் ஒரு வழி எழுதுங்கள்.

இப்படிக்கு, ஜிபெக்

மாஸ்கோ, அக்டோபர் 30

அன்புள்ள ஜிபெக்குக்கு,

இதற்குப் போய் மூன்று பக்கமா? படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். தலைகீழாகப் பிடிக்காதே.

பத்து சென்டிமீட்டர் கெட்டித் தெர்மாகோல், மேலே பிளைவுட். முழு அறைக்கும் போட்டால் கதவு தட்டும். அதனால் கதவுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, பெரியவர்களை மரியாதையாக உட்கார வைக்கும் தோர் இருக்கிற உள்பாதியை மட்டும் உயர்த்து. அம்மா அங்கே உட்காருவார், விருந்தாளிகள் உட்காருவார்கள், வந்தால் நானும். வாசல் பக்கத்துப் பாதி அப்படியே கிடக்கட்டும். ஒரு கம்பளத்தை விரித்துக்கொள். கதவும் திறக்கும், மரியாதையும் கெடாது.

இப்போது லரீசா என்பவரின் வீட்டில் வேலை. அங்கேயும் இதே உயரப் பிரச்சினைதான். சுவருக்குச் சுவர் மூன்றே சென்டிமீட்டரில் முடித்தேன். கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிக் கொடுத்தேன். அவர் பூனைகூட இப்போது தரையில்தான் தூங்குகிறது. வேலை என்றால் அது வேலை.

தெமிர்குல்

நாரின், நவம்பர் 11

மகா மேதை தெமிர்குல் அவர்களுக்கு,

படம் வந்தது. நேராகவே பிடித்துப் பார்த்தேன். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று அருமையாக எழுதியிருக்கிறீர்கள். வாசல் பக்கம் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். பதினோரு வருஷமாக அது நான். என்னை ஒட்டிக்கொண்டு உங்கள் மகள். ஆக, பத்து சென்டிமீட்டர் உங்கள் மரியாதைக்கு, கம்பளம் எங்களுக்கு.

படத்தை உங்கள் அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தானே போட்டிருக்கான். மருமக இடம் மருமக இடந்தான்" என்றார். மறுநாள் எனக்குக் காய்ச்சல். டீ ஊற்ற அவரே என் இடத்தில் உட்கார்ந்தார். மூன்று கிண்ணம் ஊற்றுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இங்கயாடி இத்தனை நாள் உக்காந்திருந்த?"

அதற்குப் பிறகு உங்கள் படத்தை அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

மூன்று சென்டிமீட்டர் போதும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதவைத் திருப்பி மாட்டலாம் என்றும் தெரிந்திருக்கிறது. பூனைக்குச் செய்யத் தெரிந்த வேலை பெண்டாட்டிக்கு மட்டும் மறந்துபோகுமா? அந்த லரீசா உங்களுக்கு யார்?

ஜிபெக்

மாஸ்கோ, நவம்பர் 25

ஜிபெக்,

நாக்கு நீண்டுவிட்டது உனக்கு. வாசல் கதவைத் திருப்பினால் வீட்டு அதிர்ஷ்டம் வெளியே போய்விடும் என்று என் அப்பா சொல்வார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அதைச் செய்தால் ஊர் சிரிக்கும். லரீசாவை இதில் இழுக்காதே. அவளுக்கு மனிதரிடம் பேசத் தெரியும்.

புத்தாண்டுக்கு ஒரு வாரம் வருகிறேன். தோர் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் கை வைத்தாய் என்றால் வந்து பேசிக்கொள்கிறேன்.

தெமிர்குல்

நாரின், டிசம்பர் 8

தெமிர்குல் அவர்களுக்கு,

தரை முடிந்துவிட்டது. முதலில் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மூன்று சென்டிமீட்டர் கெட்டித் தெர்மாகோல், மேலே இரண்டு அடுக்கு மெல்லிய பிளைவுட். சுவருக்குச் சுவர் ஒரே மட்டம். அளவு நாடாவின் மறுமுனையை உங்கள் அம்மாதான் பிடித்தார். வெல்டர் வந்து கீலை வெட்டிக் கதவை வெளியே திருப்பி வைத்தார். ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும், இனி பார்த்துத் திறக்கச் சொன்னாள். மெரிமின் இருமல் நின்று நான்கு நாளாகிறது. உங்கள் தயவு இல்லாமலே நின்றது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் "இல்லை" என்று எழுதவில்லை. முதல் கடிதத்தில் "அவர்", இரண்டாவதில் "அவள்". இரண்டையும் உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு கடிதத்தையும் வாங்கி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்:

"நான் இங்கயே இருந்துக்கறேன். அவன் வந்தா வரட்டும், போகட்டும்."

தாராளமாக வாருங்கள். உங்களைத் தோரில்தான் உட்கார வைப்போம். அது விருந்தாளியின் இடம். ஆட்டுக்கறி வேகும், டீயை நானே ஊற்றுவேன். நம் வழக்கப்படி, இருக்க வேண்டியவருக்குத்தான் பாதிப் பாதிக் கிண்ணமாக ஊற்றிக்கொண்டே இருப்போம். உங்களுக்கு விளிம்பு வரை ஊற்றுவேன். குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜிபெக்