நூறு தாளில் ஒரு நடை

1936 டிசம்பர் 3, வியாழன்

விடியலிலிருந்து மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆட்கள் லயத்து வீடுகளில், நான் தோட்டத்து ஆபீஸில். கணக்கெழுதும் சின்னக் கிராணிக்கு மழை லீவு கிடையாது.

செய்ய வேண்டியது: 1. ஆட்களின் பேர்க்கணக்கு, செக்ரோல் பிரதி. 2. யாராவது உலு திராம் கடைக்குப் போனால் பென்சில், கறுப்பு மை. 3. நடை.

மூன்றாவதுதான் காரியம். சி.பூரில் (சிங்கப்பூர்) படக்கொட்டகைகளுக்கு விளம்பரப் படம் எடுக்கும் சீனர் பதில் போட்டுவிட்டார். சித்திரத்தை நடக்கவைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம். ஒரே ஒருவர். 20ஆம் தேதி ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு நூறு தாளோடு நேரில் வரச் சொல்கிறார். உருவம் நடக்க வேண்டும், ஆனால் நடுங்கக் கூடாது. கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஜொகூர் பாரு கொட்டகையில், கையால் வரைந்த நாய் ஓடுவதைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இந்த ஆபீஸில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் நானும் ஒரு அலமாரி ஆகிவிடுவேன்.

டிச. 5, சனி

தூறல். ஜன்னல் கண்ணாடியில் தாள்மேல் தாள் வைத்துப் பிரதி. மழை இருட்டில் கீழ்த்தாள் தெரியவில்லை.

1, 2, 3 என்று வரிசையாய்ப் போட்டதில் பத்தாவது தாளில் உருவத்துக்குத் தொப்பை. இருபதில் ஆள் குள்ளம். மடத்தனம். இனி முதலில் கால் விரிந்த படங்கள், பிறகு கால்கள் ஒன்றையொன்று கடக்கும் படம், இடையில் வருவதெல்லாம் அப்புறம்.

நடுக்கத்துக்கும் வழி கிடைத்தது. ஆபீஸில் தாளுக்குத் துளை போடும் கருவி. இரண்டு துளை, கோப்பில் இரண்டு தகரக் காது. எந்தத் தாளும் இம்மி நகரவில்லை. கோப்பின் மேல் ‘மழை நாள் அறிக்கை’ என்று எழுதி அலமாரியில் வைத்தேன். பெ.கி. திறக்கவே மாட்டார். (பெரிய கிராணி. அம்மாவின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர்.)

அம்மா: "காகிதத்தையே பாத்துக்கிட்டு இருக்கியே, சோறு ஆறுது."

டிச. 8, செவ்வாய்

வெயில். பால்வெட்டும் அஞ்சலை அக்காவிடம் நாற்பது தாளைப் புரட்டிக் காட்டினேன். காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளியோடு நடக்கும் பெண். அவரைப் பார்த்தே வரைந்தது. பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏங்கய்யா, இவ வெறும் வாளியத் தூக்கிட்டுப் போறா?"

"பால் இருக்கு அக்கா."

"இருந்தா இப்படிக் குதிச்சுக்கிட்டுப் போவாளா? பாதி கொட்டிரும் லா. முட்டி மடங்கணும். ஆளு மேல எழும்புறப்போ கட்டை முனை கீழ போகணும்."

எரிச்சல். இத்தனை நாள் உழைப்பு! வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கி நடந்து பார்த்தேன். வேட்டி முழுக்க நனைந்தது. அவர் சொன்னதுதான் சரி. ஆள் அசைந்த பிறகே வாளி அசைகிறது. நாற்பதும் அடுப்புக்கு.

டிச. 13, ஞாயிறு

கை வலி. கட்டைவிரலில் மை போகவில்லை.

நூறு முடிந்தது. புரட்டினேன். நடக்கிறாள்! முட்டி மடங்குகிறது, தோள் இறங்குகிறது, வாளி கனக்கிறது, ஒரு துளி கொட்டவில்லை. நான் போட்ட கோடு என்பதே மறந்து, அவளுக்கு வழிவிடுவதுபோல் நாற்காலியை நகர்த்தினேன். சிரிப்பு வந்தது. அழுகையும்.

டிச. 15, செவ்வாய்

கோப்பு அலமாரியில் இல்லை.

பெ.கி.யிடம் கேட்டேன். "அதுவா? மழையில எத்தனை நாள் வெட்டு நின்னுச்சுன்னு சி.பூர் ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்க. நீதான் முன்கூட்டியே எழுதி வச்சிருந்தியே. நேத்துப் பையில போட்டு அனுப்பிட்டேன். கெட்டிக்காரன்டா நீ."

"தொறந்து பாக்கலையா மாமா?"

"உன்மேல நம்பிக்கை இல்லாமயா?"

என் படம் சி.பூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இங்கே. நிச்சயம் வேலை போகும். போகட்டும். அதுவும் ஒரு கதவுதான்.

டிச. 18, வெள்ளி

தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிட்டார். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு போனேன். சீட்டுக் கிழிக்கப் போகிறார் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

துரை சிரித்தார். ஹெட் ஆபீஸில் எல்லாரும் புரட்டிப் பார்த்தார்களாம். தாள்கள் ஆளுக்கு நாலாய்ப் பிரிந்து அவரவர் பிள்ளைகளிடம் போய்விட்டனவாம். "நல்ல கை. தோட்டம் முழுசும் மரம் மரமா பிளான் போடணும். மூணு வருஷ வேலை. ஞாயித்துக்கிழமை ஆரம்பம்."

ஞாயிறு மட்டும் லீவு கேட்டேன். "தா போலே", முடியாது என்று மலாயில் முடித்துவிட்டார்.

கிடைத்தவை: தனி வீடு, சாய்வு மேசை, ‘பிளான் கிராணி’ என்ற பெயர். மாமாவுக்குக் கண் கலங்கியது. அம்மா லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். வந்து கைகொடுத்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவரும் ஒரு பூட்டாகத் தெரிந்தார்கள்.

டிச. 19, சனி

தூக்கமில்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன். நாளை போகிறேன், வெறுங்கையோடாவது. அந்தச் சீனர் முன்னால் உட்கார்ந்து வரைந்து காட்டுகிறேன்.

கத்துவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போ. ஆனா நேத்து துரை முன்னால உனக்கு நான்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். நீ போனா நானும் வெளிய போகணும். இந்த வயசுல எங்கடா போவேன்?"

திட்டியிருந்தால் போயிருப்பேன்.

டிச. 20, ஞாயிறு

நல்ல வெயில். துரை, அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு ஆள், பலகை, மை. ஒரு மரத்துக்கு ஒரு புள்ளி. மதியச் சோறு மரத்தடியில்.

மணி இரண்டு. ஏழாவது நிரை, 214ஆம் மரம். அங்கே சி.பூரில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். 214க்கும் ஒரு புள்ளி வைத்தேன். துரை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பேகூஸ், ரொம்ப நல்லது. ஒரு புள்ளிகூட நகரல."

215. 216. 217.